போட்டதும் விட்டதும்

கோர்ட்டில் குழந்தைராஜுக்கு டிக்‌ஷனரி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எப்போதாவது காதில் விழுந்தால் அவருக்குக் கோபமும் வராது, உள்ளூரச் சந்தோஷம்தான். தமிழில் இருக்கும் வாக்குமூலங்களையும் பத்திரங்களையும் இங்கிலீஷில் ஆக்கிக் கொடுப்பது அவர் வேலை. கழக ஆட்சி வந்து ஆறு வருஷமாகியிருந்தது. தஞ்சாவூரில் ஆபீஸ் பலகை முதல் பஸ் டிக்கெட் வரை எல்லாம் தமிழாகிக்கொண்டிருந்தது. ஆனால் வழக்கு மெட்ராசுக்குப் போகவேண்டுமென்றால் இங்கிலீஷ் வேஷ்டி கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். குத்தகைதாரனுக்கு உரிமை என்று சட்டம் மேல் சட்டமாக வந்து, நிலத்துக்காக ஊருக்கு ஊர் சண்டை முற்றியிருந்த காலம் அது. அவர் மேசையில் கேஸ் கட்டுகள் குறைந்ததே இல்லை.

கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். இங்கிலீஷில் ஒரே மாதிரித் தோன்றும் வார்த்தைகளை ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதி, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று தமிழில் குறித்துவைப்பார். ‘லீவ்’ என்ற வார்த்தைக்கு மட்டும் இரண்டு பக்கம். வெறும் ‘லீவ்’ என்றால் போனவன் சாயங்காலமே திரும்பி வரலாம். ‘க்விட்’ என்றால் போகிறவனுக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ‘வெக்கேட்’ என்பவன் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். ‘ரிலிங்க்விஷ்’ என்றால் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று. ‘சரண்டர்’ தோற்றவன் செய்வது. எல்லாவற்றுக்கும் கீழே ‘அபாண்டன்’. அதற்கு நேரே, ‘இனி எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று திரும்பிப் பார்க்காமல் போவது’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை மாட்டிவிட்டது.

பூதலூர் பக்கம் குறிச்சிமேடு என்ற ஊரில் காத்தாயி என்று ஒரு குத்தகைக்காரி. மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தில் ஒன்றரை ஏக்கரை அவளும் அவள் புருஷன் இராஜாங்கமும் பதினாறு வருஷமாகப் பயிர் செய்துவந்தார்கள். கூலிச் சண்டை நடந்த வருஷம் அந்த நிலத்தில் ஒரு சம்பா நடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மறுபடி நட்டார்கள். பிறகு இராஜாங்கம் செத்துப்போனான். குத்தகைதாரர் பதிவில் தன் பேரை ஏற்றச் சொல்லிக் காத்தாயி மனுக் கொடுத்ததும் பஞ்சநதம் குறுக்கே வந்தார். ‘அந்த வருஷமே இவர்கள் நிலத்தைக் கைவிட்டுப் போய்விட்டார்கள், பிறகு நட்டது என் இரக்கத்தால், இவளுக்கு உரிமை எதுவும் கிடையாது’ என்பது அவர் கட்சி.

விசாரணையில் பஞ்சநதத்தின் வக்கீல், “அந்த வருஷம் நிலத்தை என்னம்மா செஞ்சே?” என்று கேட்டார். காத்தாயி கூண்டில் நின்றபடி, “அந்த வருஷம் நெலத்தப் போட்டுட்டோம்ங்க” என்றாள். அவ்வளவுதான். கோர்ட்டில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. அதனால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. தீர்ப்பு காத்தாயி பக்கம் வந்தது. பஞ்சநதம் விடுவாரா? மெட்ராசுக்குப் போனார். கட்டு குழந்தைராஜ் மேசைக்கு வந்தது.

ஏழாம் பக்கம் நாலாவது வரிக்கு வந்தபோது குழந்தைராஜ் ஒரு நிமிஷம் யோசித்தது உண்மை. ‘லெஃப்ட்’ என்று போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற வார்த்தை. மெட்ராசில் பெரிய நீதிபதி படிக்கப்போகிற காகிதம். கொஞ்சம் கனமாக ஒரு வார்த்தை விழட்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. நோட்டைப் புரட்டினார். ‘அபாண்டன்’ என்று டைப் அடித்தார். அடித்துவிட்டு அந்த வரியை ஒருதரம் ரசித்துப் படித்தார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாலு மாதம் கழித்து மெட்ராசிலிருந்து ஒரு மெமோ வந்தது. காத்தாயியின் வக்கீல் அந்த வார்த்தை சரியில்லை என்று ஆட்சேபணை செய்திருக்கிறார். மொழிபெயர்த்தவர் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். வார்த்தை சரியா, தப்பா? தப்பென்றால் எது சரி? அது சரியென்று அவருக்கு எந்த ஆதாரத்தில் தெரியும்? பத்து நாள் கெடு.

ஹெட் கிளார்க் கண்ணுசாமிதான் மெமோவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். தன் ஆபீசுக்குக் கெட்ட பேர் வந்தால் மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? சரிதான்னு ஒரு வரி எழுதுங்க. அகராதில ‘போடு’ன்னா எறிதல், தள்ளுதல், கைவிடுதல்னு வரிசையாப் போட்டிருக்கான். அதையே ஆதாரமாக் காட்டுங்க. சிரஸ்தார் பிரமோஷனுக்கு உங்க பேரு போயிருக்கு. இந்த நேரத்துல தப்புப் பண்ணிட்டேன்னு நீங்களே எழுதிக் கொடுப்பீங்களா?”

“அந்த அம்மா நிலம் போயிருமே சார்.”

“நிலம் போறதும் நிக்கிறதும் ஜட்ஜு கையில. உங்க கையில ஒரு வார்த்தைதான்.”

குழந்தைராஜ் அகராதியை எடுத்துப் பார்த்தார். கண்ணுசாமி சொன்னது அப்படியே இருந்தது. வயலைப் போடுவது என்றால் என்ன என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. ஆறு நாள் அந்த மெமோ மேசை மேலேயே கிடந்தது.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வக்கீல் மீரா உசேன் வராந்தாவுக்கு வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். காத்தாயிக்காக வாதாடுகிறவர் அவர்தான். பின்னால் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், செருப்பில்லாத கால், தலையில் பாதி நரை.

“கேஸைப் பத்தி நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசவும் மாட்டேன்” என்றார் மீரா உசேன். “நகல் வாங்க வந்தோம். அந்த வார்த்தைய எழுதினவரை ஒருதரம் பாக்கணும்னு இவங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நான் தள்ளி நின்னுக்கிறேன்.” சொன்னபடி தூணோரமாகப் போய் நின்றுகொண்டார்.

காத்தாயி குழந்தைராஜை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

“நீங்கதான் எழுதுனீங்களாங்க?”

“ஆமாம்மா.”

“என்னன்னு எழுதுனீங்க? ஒருதரம் சொல்லுங்க. வக்கீலய்யா சொன்னாரு, வாயில நிக்கமாட்டேங்குது.”

“அபாண்டன்.”

“அபாண்டமா?” காத்தாயி மோவாயில் கைவைத்தாள். “அத நான்ல சொல்லணும்! நீங்களே எழுதிட்டீங்களே!”

தூணோரம் மீரா உசேன் இருமிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். குழந்தைராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளும் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

“நெலத்தப் போட்டுட்டோம்னுதானேம்மா நீங்க சொன்னீங்க?”

“போட்டோம்ங்க. யாரு இல்லைன்னா? மடைய அடைச்சுப்புட்டாங்க. எங்க வீட்டு ஆளப் போலீசு கொண்டுபோயிருச்சு. நாத்து நின்ன எடத்துலயே கருகிப்போச்சு. போடாம என்ன செய்யிறது? ஆனா நாங்க விடலீங்களே.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

அவள் கோபப்படவில்லை. சோறு எதில் வருகிறது என்று கேட்ட ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஒங்களுக்கு எந்த ஊருங்க?”

“திருக்காட்டுப்பள்ளி பக்கம்.”

“காவேரிக்கரையில பொறந்துட்டா இதக் கேக்குறீங்க? விட்டாப் போயிரும்ங்க. போட்டாக் கெடக்கும். கைப்புள்ளயத் தூளியில போட்டுட்டு நடவுக்கு எறங்குறோம். யாராச்சும் அவ புள்ளய விட்டுட்டாங்கறாங்களா? குனிஞ்சு நட்டாலும் காது பூரா அங்கதானே கெடக்கும்?”

காத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எங்க வீட்டு ஆளு செயில்லேருந்து வந்து வாசப்படி ஏறல, மொதல்ல கேட்டது, ‘நெலம் கெடக்குதா?’ன்னுதான். கெடக்குதுன்னேன். அந்த நம்பிக்கையிலதான் மனுசன் அடுத்த வருசம் நட்டாரு. இப்ப நீங்க எழுதுனது நெலைச்சுப்போச்சுன்னா நான் அடுத்தவங்க வயல்ல கூலிக்கு எறங்கணும்ங்க. எறங்கிருவேன், பழகின ஒடம்பு. ஆனா செத்த மனுசங்கிட்ட நான் பொய் சொன்னதா ஆயிரும்ல?”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். குழந்தைராஜ் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தார்.

தூளி என்ற வார்த்தைதான் அவரை அடித்தது. ஆபீசில் எல்லாருக்கும் அவர் அப்பா மாதா கோயிலில் உபதேசியார் என்று நினைப்பு. யாரோ ஒருவர் அப்படிக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. பிறகு அதுவே நிஜமாகிவிட்டது. அப்பா பண்ணையாள். அம்மா விண்ணரசி நடவாள். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது வரப்போரத்துப் பூவரச மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் அவள் நட்டாள். எட்டு வயசில் பங்குச் சாமியார் அவரைத் தஞ்சாவூர் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே வாயிலிருந்து வயல்காட்டுப் பேச்சை அடித்து விரட்டினார்கள். அவரும் அதை விரட்டிவிடத் துடித்தார். அம்மா பேசிய எத்தனையோ வார்த்தைகள் அப்படிப் போனவை. போட்டதுக்கும் விட்டதுக்கும் உள்ள வித்தியாசமும் அதில் போயிருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் விண்ணரசி ஒரு நாள் அவல் மூட்டையோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள். காலில் சேறு காய்ந்திருந்தது. “யாருய்யா இது?” என்று கண்ணுசாமி கேட்டார். “ஊர்ல எங்க வீட்டுல வேலை பாக்குற அம்மா” என்று குழந்தைராஜ் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. விண்ணரசி அதைக் கேட்டாள். முகம் மாறவில்லை. மூட்டையை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, “வரேங்க” என்றாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து, வரேங்க. அதற்குப் பிறகு அவள் தஞ்சாவூருக்கு வரவே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை குழந்தைராஜ் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருக்காட்டுப்பள்ளி பஸ் பிடித்தார். ஊரில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தார். புதுத் தண்ணீர் நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை கட்டியிருந்தது. விண்ணரசி வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயசு. முதுகு நடவுக்குக் குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டிருந்தது.

“வாய்யா. பெருநாளு ஒண்ணும் இல்லையே?” என்றாள்.

“ஒண்ணு கேக்கணும்மா. அதான் வந்தேன்.”

“கேளு.”

“நெலத்தப் போட்டுட்டோம்னா என்னம்மா அர்த்தம்?”

விண்ணரசி முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “அடுத்த வருசம் நடுவோம்னு அர்த்தம்.”

குழந்தைராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நோட்டில் இரண்டு பக்கம் எழுதினவருக்கு இந்த நாலு வார்த்தை கிடைக்கவில்லை. கேட்க வேண்டாம் என்று மனசு சொன்னதையும் மீறிக் கேட்டார்.

“விட்டுட்டோம்னா?”

முறம் நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குத்திக்காட்டும் எண்ணமும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“அதுக்கு அர்த்தம் ஒனக்குத் தெரியுமேய்யா” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய், “கை கழுவு, சோறு போடுறேன்” என்றாள்.

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்பத்திரண்டு வயசு ஆம்பிளை, சத்தமில்லாமல் அழுதார். பக்கத்தில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தவர் தூசி விழுந்துவிட்டதோ என்று கேட்டார்.

முடிவு என்னவாயிற்று என்று இங்கேயே சொல்லிவிடலாம். தை மாதம் மெட்ராசிலிருந்து தீர்ப்பு வந்தது. அதில் அந்த வார்த்தை திருத்தப்பட்டிருந்தது. காத்தாயியின் பேர் பதிவில் ஏறியது. அவள் அப்போது அறுப்பில் இருந்ததால் மீரா உசேன் வயலுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சிரஸ்தார் வேலை அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. கைநிறையப் பிழைகளோடு இங்கிலீஷ் எழுதுகிறவர். ஆனால் எந்தப் பிழையையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவர்.

அதெல்லாம் பின்னால். திங்கட்கிழமை காலையில் குழந்தைராஜ் எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்து டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினார். நான் எழுதிய வார்த்தை தவறு என்று முதல் பத்தியில் எழுதினார். நட முடியாத காலத்தில், திரும்ப நடுவதற்காக வயலை வெறுமனே கிடக்க விடுவதே இந்தப் பகுதிக் குடியானவர் பேச்சில் ‘போடுவது’ என்று இரண்டாவதில் எழுதினார். மூன்றாவது, எந்த ஆதாரத்தில் தெரியும் என்ற கேள்வி. அங்கே விரல்கள் நின்றன. குடியானவர்களை விசாரித்து அறிந்தேன் என்று ஒரு வரி போட்டால் போதும். யாரும் மேலே தோண்டமாட்டார்கள். வெகுநேரம் டைப்ரைட்டரின் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மளமளவென்று அடித்து முடித்தார்.

கண்ணுசாமி வந்து காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முதல் பத்தியிலேயே முகம் வாடிவிட்டது. மூன்றாவது பத்திக்கு வந்ததும் நின்றார். ஒவ்வொரு வார்த்தையாக வாய்க்குள் தமிழாக்கிச் சொல்லிப் பார்த்தார்.

“‘திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் ஐம்பது வருஷம் வயலில் நின்றவரான விண்ணரசி சொன்னதே என் ஆதாரம்.’ யாருய்யா இந்த விண்ணரசி? மெட்ராசுக்குப் போற காகிதத்துல பெரிய பண்டிதர் பேரு மாதிரிப் போட்டிருக்கீங்க?”

“நடவாள் சார்.”

“நடவாளா? நடவாள் பேச்சைக் கோர்ட்டு எப்படிய்யா எடுத்துக்கும்? நீங்க எப்படி நம்புனீங்கன்னு கேக்கமாட்டானா?”

“அடுத்த வரியில எழுதியிருக்கேன், படிங்க சார்.”

கண்ணுசாமி படித்தார். காகிதத்தைத் தாழ்த்திவிட்டு, குழந்தைராஜை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உங்க அம்மாவா?”

“ஆமா சார். நீங்க பாத்திருக்கீங்க.”

“நான் எங்கய்யா பாத்தேன்?”

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல, அவல் மூட்டையோட வந்து நின்னாங்க. யாருன்னு கேட்டீங்க.” குழந்தைராஜ் எழுந்து நின்றார். “எங்க வீட்டுல வேலை பாக்குறவங்கன்னு சொன்னேன் சார். அவங்கதான்.”